போர்தோவில் ஒயின் வாங்கப் போகிறீர்களா?

பிரான்சின் கரோன் ஆற்றங்கரைத் துறைமுக நகரமான போர்தோவில், நினைவுப் பொருள் விற்கும் கடையில் ஒயின் வாங்கிவிடாதீர்கள். பெயர்ப்பலகையில் ‘காவ்’ (cave, ஒயின் கடை) அல்லது ‘காவிஸ்த்’ (caviste, ஒயின் வணிகர்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒயினைச் சுவைத்துத் தேர்ந்தெடுத்து விற்பவர்கள் அவர்கள்தான். என்ன சமைக்கப் போகிறீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற இரண்டையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். பதினைந்து யூரோ என்றாலும் அக்கறையோடு எடுத்துத் தருவார்கள்.

பெரிய நாடக அரங்குக்கு அருகிலுள்ள ‘லேந்தாந்தான்’ கடையை அவசியம் பாருங்கள். சுழல் படிக்கட்டைச் சுற்றிச் சுவர் முழுக்கப் புட்டிகள். மேலே ஏற ஏற விலையும் ஏறும். வாங்குமுன் சுவைத்துப் பார்க்க, அருகிலேயே போர்தோ ஒயின் சங்கம் நடத்தும் மதுக்கூடம் இருக்கிறது. அங்கே கோப்பைக் கணக்கில் நியாயமான விலைக்குக் கிடைக்கும். நான் முதலில் அனுப்பிவைப்பது அங்கேதான்.

லேபிளில் ‘மி ஆன் பூத்தெய் ஓ ஷாத்தோ’ (Mis en bouteille au château) என்றிருந்தால், தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டது என்று பொருள்.

பிராந்தி வகையில் எல்லோரும் கோன்யாக்கைத்தான் கேட்கிறார்கள். அதன் லேபிளில் வி.எஸ்.ஓ.பி. (VSOP) என்றிருந்தால் குறைந்தது 4 ஆண்டுகள், எக்ஸ்.ஓ. (XO) என்றிருந்தால் குறைந்தது 10 ஆண்டுகள் (இது 2018-இல் வந்த விதி) பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். தெற்கிலிருந்து வரும் அர்மான்யாக் பிராந்தியையும் கேட்டுப் பாருங்கள். புகழ் குறைவு, மணம் அபாரம்.

ஞாயிறன்றும் திங்கள் காலையிலும் பல கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.