பழைய மஸ்கட் துப்பாக்கியைப் பார்த்து எடைபோடுவது எப்படி?

மஸ்கட் என்பது வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய நீளத் துப்பாக்கி. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பரணில் கிடக்கும் எந்தத் துப்பாக்கியைக் காட்டினாலும், "திப்பு காலத்தது" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லக் காரணமும் இருக்கிறது. மைசூருடன் நடந்த போரில், 1768-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவின் வசமிருந்த, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி முழுவதும் கம்பெனியிடம் போனது. ஆனால் பரணில் இருப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகச் செய்த நாட்டுத் துப்பாக்கியாகத்தான் இருக்கும். கதையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். விலையை மட்டும் இரும்பையும் மரத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருள் ஆயுதங்களுக்கே விலக்குத் தருகிறது. சுடக்கூடியதென்றால் உரிமம் வேண்டும். வாங்கிய பிறகு விசாரிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்து, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். குழல் வாய்க்கு நேராக முகத்தையோ கையையோ நீட்டக் கூடாது. பக்கவாட்டில் நின்று, நீளமான மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும்வரை மெதுவாக விடுங்கள். வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்பில் நிற்கும்படி குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சியின் முனை, தீ உள்ளே போகும் பக்கத் துளைவரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்பே நின்றால், யாரோ கெட்டித்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம். கருமருந்து காய்ந்து கிடந்தால் எத்தனை காலமானாலும் பற்றும். தோண்டாதீர்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இனி குழல். கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்திய 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட்டின் குழல் 39 அங்குலம்; துளை முக்கால் அங்குலம்; உள்ளே வரிப்பள்ளம் இராது. வாய்க்குச் சற்றுப் பின்னால், மேற்புறத்தில், ஈட்டிமுனை மாட்டும் சிறு இரும்புக் கட்டி இருக்கும். அது இல்லையென்றாலோ வாயை ஒட்டி இருந்தாலோ, வேட்டைக்காகக் குழலை யாரோ அறுத்திருக்கிறார்கள். மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும் என்பது என் கணக்கு.

துருவில் இரண்டு வகை. கருங்காப்பி நிறத்தில் இறுகிப் படிந்திருப்பது வயதின் அடையாளம், அப்படியே விடுங்கள். விரலில் செம்பொடியாக ஒட்டுவது இன்னும் அரிக்கிற துரு. அதை எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். அடிக்கட்டைப் பூணும் விசைக்காப்பும் பித்தளை என்பதால், பொங்கலுக்குக் குடம் விளக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். இருநூறு ஆண்டு நிறம் அரை மணியில் போய்விடுகிறது!

குதிரையை, அதாவது விசையை இழுத்ததும் முன்னால் விழுந்து தீ மூட்டும் பாகத்தை, கட்டைவிரலால் பிடித்தபடியே பாதிவரை இழுங்கள். அங்கே நிற்க வேண்டும். விசையை மெல்ல அழுத்தினாலும் விழக் கூடாது. குதிரையை வெறுமனே விழவிட்டுப் பார்ப்பது பழைய இரும்பை உடைக்கும். கல் உரசும் தகடு இருந்த இடத்தில் கேப்பு (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) மாட்டும் குமிழ் இருந்தால், பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். அது குறையல்ல, ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும்.

மரத்தில், கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் விரிசல் தேடுங்கள். பூச்சித் துளையிலிருந்து வெளிர் மாவு உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது.

கடைசியாக முத்திரை. கம்பெனித் துப்பாக்கிகளில் தொடக்கத்தில் இதய வடிவக் குறியும், 1808 வாக்கிலிருந்து நின்ற சிங்கமும் குதிரை பொருத்திய பக்கத் தகட்டில் இருக்கும். சுற்றிலும் தகடு தேய்ந்திருக்க, சிங்கம் மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால், விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.