கடற்காற்று பிடித்த கொயில் போல்ட்

கல்லடிப் பக்கம் கடலோரம் நிற்கும் பைக் வெட்டி வெட்டி ஓடினால் எல்லாரும் முதலில் காபரேட்டரைத்தான் கழற்றுவார்கள். வீண்வேலை. நான் பிளக்கில் தொடங்கினேன்: இடைவெளி 0.7 மி.மீ., சரி. பிளக் தொப்பி 5 கிலோ ஓம், அதுவும் சரி. இருட்டில் ஓடவிட்டு வயரில் தண்ணீர் தெளித்தும் பொறி கசியவில்லை. மிஞ்சியது, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கொயிலின் எர்த், அதாவது சேசிஸோடு சேரும் மின் இணைப்பு. பல பைக்குகளில் கொயிலைப் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட் வழியாகத்தான் எர்த் போகும். அது துருவேறி இறுகிக் கிடந்தது.

துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி, 10 மி.மீ. அறுமுனை சொக்கட்டால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு கால் சுற்றுக் கழற்றி, திரும்ப இறுக்கி, மீண்டும் எண்ணெய். ஒரே இழுவையில் கழற்றப் போனால் முறியும். பெற்றோல் தாங்கி பக்கத்திலேயே இருப்பதால் நெருப்புக் காட்டவே கூடாது. சேசிஸில் கொயில் படும் இடத்தை எமரித் தாளால் மினுங்கத் தேய்த்து, புதுப் போல்ட் போட்டதும் வெட்டு நின்றது.