மேசை மேல் பதினெட்டு குண்டுவீச்சு விமானங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு மாதிரி விமானங்களை மேசையில் நகர்த்தி ஆடும் வான்போர் ஆட்டம் இது. பதினெட்டு குண்டுவீச்சு விமானங்கள், அவற்றைத் தாக்கப் பன்னிரண்டு சண்டை விமானங்கள். மொத்தம் முப்பது காய்கள். காய்க்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும். பத்துச் சுற்று ஆட ஐந்து மணி நேரம். மாதக்கணக்கில் வண்ணம் தீட்டி, ஆசையோடு மேசையில் பரப்பியவர்கள் நான்காம் சுற்றிலேயே சோர்ந்து எழுந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு விமானங்கள் மோதுவதற்கென்று எழுதிய விதிகளை முப்பது விமானங்களுக்கும் அப்படியே பொருத்திப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் பறந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையின் பி-17 குண்டுவீச்சு விமானங்களை எடுத்துக்கொள்வோம். 1943-இல் அவர்கள் வழக்கமாக அமைத்த அணியில் 18 விமானங்கள் இருந்தன. ஆறு ஆறாக மூன்று ஸ்குவாட்ரன்கள், அதாவது சிறு குழுக்கள். ஒன்று நடுவில் முன்னே பறக்கும், ஒன்று மேலே ஒரு பக்கம், இன்னொன்று கீழே மறுபக்கம். இந்த அடுக்கை வகுத்ததில் அமெரிக்கத் தளபதி கர்டிஸ் லெமேக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு விமானத்தின் துப்பாக்கிகளும் பக்கத்து விமானங்களைக் காக்க வேண்டும், ஆனால் அவற்றின் மேல் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்ற இறக்கம். பதினெட்டு விமானங்களுக்கும் வழியைத் தீர்மானித்தது முன்னணி விமானம் ஒன்றுதான். மற்ற பதினேழும் அதை ஒட்டிப் பறந்தன.

அப்படியிருக்க, மேசையில் பதினெட்டு விமானங்களுக்கும் தனித்தனியாகக் கட்டளை எழுதுவது ஏன்? ஆறு விமானங்களை ஒரே தட்டில் நிறுத்துங்கள். தடித்த அட்டையில் துளையிட்டுத் தாங்கு கம்பிகளைச் செருகினாலே போதும். 'விங்ஸ் ஆஃப் குளோரி' போலச் சீட்டு வைத்து நகர்த்தும் ஆட்டமானால் முழு அணிக்கும் ஒரே சீட்டு. அறுகோணக் கட்ட ஆட்டமானால் ஒரே கட்டளை. இறக்கைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கம்பிகள் சாயும் தொல்லையும் இதனால் தீரும்.

திருப்பத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள அணி ஒன்று, உள்பக்க விமானத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஆரம் வைத்து, செங்கோணமாகத் திரும்புகிறது என்று கொள்ளுங்கள். உள்பக்க விமானம் சுமார் 16 சென்டிமீட்டர் பறந்தால் போதும். வெளிப்பக்க விமானம் அதே நேரத்தில் 63 சென்டிமீட்டர் பறந்தாக வேண்டும். குண்டுச் சுமையோடு பறக்கும் பி-17 நான்கு மடங்கு வேகத்துக்கு எங்கே போகும்? நிஜத்தில் இப்படித் திருப்பினால் அணி சிதறியிருக்கும். கோயில் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முட்டுக்கட்டை போட்டுப் போட்டுச் சிறுகச் சிறுகத்தான் திருப்ப வேண்டும். என் மேசையில் ஒரு தட்டு ஒரு சுற்றில் முப்பது பாகைக்கு மேல் திரும்பக் கூடாது. அடுத்த சுற்றில் நேராகப் பறந்தே ஆக வேண்டும். இலக்கை நோக்கிய கடைசி ஓட்டத்தில் திருப்பமே கிடையாது. அந்த நேரத்தில் அணி நேராக, ஒரே உயரத்தில், எதிரி சுட்டாலும் விலகாமல்தான் பறந்தது. எறிகணைப் புகையைக் கண்டதும் வளைந்து நெளிய அனுமதித்தால், ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

சண்டை விமானங்களைப் பொறுத்தவரை, தலைவனை நகர்த்தும் முன் துணை விமானத்தை நகர்த்தாதீர்கள். ஜெர்மானியர்கள் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தேர்ந்துகொண்ட முறை இரண்டு இரண்டாக, நான்கு நான்காகப் பறப்பது. தலைவனை நகர்த்திவிட்டு, குறித்த தூரத்துக்குள் துணையை வைத்துவிட்டால் இரண்டு நகர்வுகள் ஒன்றாகிவிடும். திரும்பும்போது வெளிப்பக்கத்தவர் உள்பக்கத்துக்குக் கடந்து செல்வது அவர்களின் வழக்கம். அதையும் அனுமதித்தால் யாரும் பின்தங்க மாட்டார்கள்.

இனி தாக்குபவரின் பக்கம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். பன்னிரண்டு சண்டை விமானங்களும் பன்னிரண்டு இலக்குகளைத் தேடிப் போனால், சுற்று முடிவில் பன்னிரண்டு பி-17களில் சிறு கீறல்கள் இருக்கும், ஒன்றும் விழுந்திருக்காது. அணியின் ஓர் ஓரத்தைத் தேர்ந்தெடுத்து நான்கு விமானங்களாவது சேர்ந்து பாய வேண்டும். கீழ் அடுக்கின் ஓரம்தான் பெரும்பாலும் நல்ல தேர்வு. நிஜத்திலும் அங்கே பறந்தவர்களுக்கு ஆபத்து அதிகம்.

இன்னொரு தவறை நான் மிகவும் பொறுமையிழந்து பார்ப்பேன். 1942-இன் இறுதியில் எகான் மேயர் போன்ற ஜெர்மன் விமானிகள் நேர் எதிரே வந்து தாக்கும் முறையைக் கையாண்டார்கள். அன்றைய பி-17களின் முன்பக்கத்தில் துப்பாக்கிகள் குறைவு. ஆட்டக்காரர்களும் இதை ஆவலோடு செய்கிறார்கள். ஆனால் அணியைக் கடந்ததும் அங்கேயே வளைந்து வால்பக்கம் போய் நிற்கிறார்கள், அங்கே அத்தனை துப்பாக்கிகளும் காத்திருக்கின்றன. உண்மையில் அந்த விமானிகள் துப்பாக்கி எட்டாத தூரத்துக்கு விலகி, அணிக்கு இணையாகப் பறந்து, முன்னே சென்று, பிறகே மறுபடி திரும்பினார்கள். அதற்கு நேரம் பிடித்தது. மேசையில் அத்தனை இடம் இருக்காது. எனவே கடந்து சென்ற விமானத்தை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, மூன்று நான்கு சுற்று கழித்து முன்பக்கத்திலிருந்து நுழைய விடுங்கள்.

அடிபட்ட பி-17 வேகம் குறைந்து பின்தங்கினால் அதைத் தட்டிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். அதைக் காக்க முழு அணியையும் மெதுவாக்குகிறவர்கள் உண்டு. மனம் கேட்காதுதான். ஆனால் அணி காத்திருக்கவில்லை. பின்தங்கிய விமானத்தை நோக்கி எதிரி ஓடுவதும், அதனால் அணிக்குச் சற்று மூச்சு கிடைப்பதும் இந்த ஆட்டத்தின் கடினமான கணக்குகள். முன்னணி விமானம் விழுந்தால் யார் பொறுப்பேற்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பின்னால் வருபவர்கள் முன்னணி விமானம் குண்டு போடுவதைப் பார்த்துத்தான் தங்கள் குண்டுகளையும் போட்டார்கள்.

தற்காப்புச் சூட்டுக்கு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பகடை உருட்ட வேண்டாம். தட்டுக்கு ஒரு கைப்பிடி பகடை, விமானம் ஒன்று குறைந்தால் பகடை ஒன்று குறையட்டும். உயரத்தையும் தட்டுக்கு ஒன்றாகக் குறித்தால் போதும்.

கடைசியாக, எல்லாக் காய்களையும் முதல் சுற்றிலேயே மேசையில் வைக்காதீர்கள். 1943 ஆகஸ்ட் 17 அன்று 376 பி-17கள் புறப்பட்டன. லெமே தலைமையில் 146 ரேகன்ஸ்பர்க் விமானத் தொழிற்சாலைக்கும், 230 ஷ்வைன்ஃபர்ட் பால்பேரிங் தொழிற்சாலைகளுக்கும் சென்றன. முதல் அணி எதிரியை இழுத்துக்கொள்ள, அடுத்த சில நிமிடங்களில் இரண்டாம் அணி நுழைய வேண்டும் என்பதே திட்டம். இங்கிலாந்தின் மூடுபனி இரண்டாம் அணியை மூன்று மணி நேரத்துக்கும் மேல் தாமதப்படுத்தியது. ஜெர்மன் விமானங்கள் தரையிறங்கி, எரிபொருளும் தோட்டாக்களும் நிரப்பிக்கொண்டு மறுபடி எழுந்துவிட்டன. இரண்டு அணிகளிலும் சேர்த்து அறுபது விமானங்கள் வீழ்ந்தன. அவற்றில் 36 இரண்டாம் அணியைச் சேர்ந்தவை.

இதை ஆட விரும்பினால் ஒரு தட்டை மட்டும் முதலில் இறக்குங்கள். மற்றது பனிக்குள் காத்திருக்கட்டும். சுற்றுக்கு ஒருமுறை பகடை உருட்டி, ஆறு விழுந்தால்தான் அது நுழையலாம். தாக்குபவர் தம் விமானங்களை எப்போது தரையிறக்கி எரிபொருள் நிரப்புவது என்று அந்தப் பகடையைப் பார்த்துக்கொண்டே முடிவெடுக்கட்டும்.