நான்கு கிலோ ஈயத்தைக் கழற்றிய பிறகு

பாண்டிச்சேரியின் வெதுவெதுப்பான கடலில் டைவிங் கற்ற எனக்கு, சிட்னியின் கர்னல் பாறைத்திட்டு மூன்று டைவ் வரை ஒன்றுமே காட்டவில்லை. குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் 16, 17 டிகிரிதான். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டால் உடம்பு தக்கை மாதிரி மிதக்கும். வாடகைக் கடையில் இடுப்பில் 14 கிலோ ஈயம் கட்டிவிட்டார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை.

கீழே போனால் வெட்சூட் அழுத்தத்தில் சுருங்கி, மிதப்பு குறைந்துவிடும். அப்புறம் ஈயம் இழுக்க, கால் தொங்க, காலில் மாட்டிய ஃபின் துடுப்பு மணலைக் கிளப்பியது. பின்னால் வந்த நண்பருக்கு நான் ஒரு புழுதிப் புயல்!

நான்காவது டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்கு மட்டும் காற்று மிச்சமிருக்க, கரையோரமாகச் சோதித்தேன். மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையான பிசிடியின் காற்றை முழுக்க விட்டு, சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நானோ கல்லாக இறங்கினேன். ஒவ்வொரு கிலோவாகக் கழற்றி, 10 கிலோவில் சரியாக நின்றேன். காற்று நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் ஏமாந்துவிடுவோம்: டைவ் முடிவதற்குள் சுமார் 2 கிலோ காற்று தீர்ந்து, சிலிண்டர் மேலே இழுக்கும்.

அடுத்த வாரம் கெல்ப் பாசிக்கு மேல் அசையாமல் மிதந்தேன். பாசித் துணுக்கு என்று நினைத்தது மெல்லத் திரும்பியது. கடல்குதிரையின் உறவான வீடி கடல் டிராகன் மீன்! வாலடியில் இளஞ்சிவப்பு முட்டைகள், சுமப்பது அப்பா.