போன்லயே ஃப்ளோசார்ட் போடுறது எப்படி

ஃப்ளோசார்ட், அதாவது ஒரு வேலைய பாக்ஸும் ஆரோவுமா படிப்படியா காட்டுற டயகிராம், போடணும்னா லேப்டாப் இருந்தாதான் முடியும்னு நிறைய பேர் அப்படியே விட்டுடுறாங்க. போன்லயே தாராளமா போடலாம். ஆனா மவுஸ் வச்சு பண்ற அதே வரிசைல விரல வச்சும் பண்ணா பாதிலயே வெறுத்துப் போயிடும். மவுஸ்ல ஒரு பாக்ஸ், அதுக்குள்ள எழுத்து, உடனே ஒரு ஆரோ, அடுத்த பாக்ஸ்னு போய்க்கிட்டே இருப்போம். போன்ல ஒவ்வொரு தடவ எழுதும்போதும் கீபோர்டு வந்து பாதி ஸ்க்ரீன மறைக்கும், ஒவ்வொரு தடவையும் டூல் மாத்தணும், அதனால முதல்ல எல்லா பாக்ஸும், அடுத்து எல்லா எழுத்தும், கடைசியாதான் ஆரோ. இந்த வரிசைய பிடிச்சுக்கோங்க, மத்தது தானா வரும்.

ஆப்னு பார்த்தா எக்ஸ்காலிட்ரா (Excalidraw) தான் என் சாய்ஸ். 2020ல வந்தது, ஓப்பன் சோர்ஸ், ப்ரவுசர்லயே ஓடும், அக்கவுன்ட் கேக்காது, கையால வரைஞ்ச மாதிரி கோடு வரும். டிரா.ஐஓ-வும் (draw.io) நல்ல ஆப்தான், நெட்வொர்க் படம், யூஎம்எல் (சாஃப்ட்வேர் டிசைன் படம்) மாதிரி ஃபார்மலான விஷயத்துக்கு அதுல ஷேப்புகள் கொட்டிக் கிடக்கு, ஆனா அந்த மெனுவும் சைடு பேனலும் போன்ல இடத்த அடைச்சுக்கும், டேப்லட் இருந்தா அது பக்கம் போங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். வைஃபை வேலை செய்யலன்னா என்ன பண்ணணும்னு வீட்ல இருக்கவங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு ஃப்ளோசார்ட். ஆப்ப திறக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்லயோ நோட்ஸ் ஆப்லயோ வரி வரியா எழுதிடுங்க: ரௌட்டர்ல லைட் எரியுதா, எரியலன்னா ப்ளக் பாரு, எரிஞ்சா வேற போன்ல நெட் வருதா, வந்தா பிரச்சன உன் போன்ல, வரலன்னா ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, அப்பவும் வரலன்னா கம்பெனிக்கு கால் பண்ணு. இதுல எத்தன கேள்வி, எத்தன வேலைன்னு எண்ணிட்டா எத்தன டைமண்ட், எத்தன பாக்ஸ் வேணும்னு கைல கணக்கு வந்துடும். யோசிக்கிறத இங்கயே முடிச்சுடுங்க, சின்ன ஸ்க்ரீன்ல யோசிச்சுக்கிட்டே வரையுறதுதான் ரொம்ப கஷ்டம்.

இப்ப ஷேப். ஆரம்பமும் முடிவும் ஓவல், செய்ற வேலை செவ்வகம், கேள்வி டைமண்ட், இந்த மூணு போதும். ஒவ்வொண்ணையும் புதுசா வரையாதீங்க, ஒரு செவ்வகத்த சரியான சைஸ்ல போட்டு அதையே டூப்ளிகேட் பண்ணுங்க, எல்லாம் ஒரே அளவா இருக்கும், பார்க்கவும் லட்சணமா இருக்கும். விரல வச்சு அழுத்திப் பிடிச்சா வர்ற மெனுவுல காப்பி, டூப்ளிகேட், க்ரூப் எல்லாம் இருக்கு. வச்சது தள்ளிப் போச்சுன்னா அண்டூ, அவ்ளோதான்.

மேல இருந்து கீழ அடுக்குங்க. பக்கவாட்டுல நீட்டாதீங்க. போன் ஸ்க்ரீன் அகலம் தோராயமா 7 சென்டிமீட்டர்தான், ஏ4 பேப்பரோ 21 சென்டிமீட்டர், அதாவது ஏ4 அகலத்துக்கு படம் போட்டு 12 பாயின்ட்ல எழுதினா போன்ல முழுசா பார்க்குறவருக்கு அது 4 பாயின்ட் எழுத்தாதான் தெரியும், யாருமே படிக்க மாட்டாங்க. பக்கம் பக்கமா ரெண்டு பாக்ஸ், மிஞ்சிப் போனா மூணு. தொடுறதுக்கும் இடம் வேணும், ஆண்ட்ராய்டு ஆப் செய்றவங்களுக்கு கூகுள் சொல்ற அளவே ஒரு பட்டன் 48 டிபி (ஸ்க்ரீன்ல அளக்குற ஒரு அலகு) இருக்கணும்னுதான், கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர், அதுக்கும் சின்னதா பாக்ஸ் வச்சா விரல் பக்கத்து பாக்ஸ்ல போய் விழும்.

எல்லாம் அடுக்கியாச்சுன்னா எழுத்து. பாக்ஸ் மேல ரெண்டு தட்டு தட்டுங்க, உள்ளயே கர்சர் வரும், அப்படி எழுதுனா எழுத்தும் பாக்ஸும் ஒட்டிக்கும், பாக்ஸ நகர்த்துனா எழுத்தும் கூடவே வரும். டெக்ஸ்ட் டூல எடுத்து தனியா எழுதி பாக்ஸ் மேல வைக்காதீங்க, பின்னாடி எது நகர்ந்தாலும் திரும்ப அடுக்கணும். டைமண்ட்ல ரொம்ப சுருக்கமா எழுதுங்க, ஏன்னா அதே நீள அகலமுள்ள செவ்வகத்துல எழுதுற இடத்துல கால்வாசிதான் டைமண்டுக்குள்ள கிடைக்கும். "ரௌட்டர்ல லைட் எரியுதா இல்லையான்னு பாருங்க"ன்னு எழுதுனா டைமண்ட் ஊதிப் போயிடும், "லைட் எரியுதா?" போதும்.

ஆரோதான் இதுல முக்கியமான விஷயம், இங்க மட்டும் அவசரப்படாதீங்க. ஆரோ டூல எடுத்து முதல் பாக்ஸோட ஓரத்துக்குப் பக்கத்துல ஆரம்பிங்க, ஓரம் கலர் மாறி காட்டும், அப்படியே இழுத்துட்டுப் போய் அடுத்த பாக்ஸ் ஓரம் அதே மாதிரி காட்டுனதும் விடுங்க. அப்பதான் ஆரோ பாக்ஸோட ஒட்டியிருக்கும். ஒட்டாத ஆரோ பார்க்க ஒட்டுன மாதிரியே தெரியும், அதனால ஒரு பாக்ஸ லேசா நகர்த்திப் பாருங்க, ஆரோ கூடவே வந்தா சரி, வரலன்னா அதோட நுனியப் பிடிச்சு மறுபடி ஓரத்துல கொண்டு போய் விடுங்க. விரல் மறைச்சு ஒண்ணும் தெரியலன்னா ரெண்டு விரலால விரிச்சு ஜூம் பண்ணிட்டு இழுங்க, நகர்த்துறதுக்கும் ரெண்டு விரல்தான். ஸ்டைலஸ் வச்சிருந்தா இன்னும் சுகம், பேனா பட்டதும் ஆப் பென் மோடுக்கு மாறிடும், அப்புறம் உள்ளங்கை பட்டாலும் கிறுக்காது.

டைமண்ட்ல இருந்து போற ஆரோ ஒவ்வொண்ணுலயும் ஆமா, இல்லன்னு கண்டிப்பா எழுதுங்க, ஆரோ மேலயும் ரெண்டு தட்டு தட்டுனா எழுதலாம். வழக்கமா ஆமா கீழ போகட்டும், இல்ல பக்கத்துல போகட்டும், படம் முழுக்க அதே மாதிரி வச்சா படிக்கிறவங்க கண்ணு தானா ஓடும். கோடு வளைஞ்சு நெளிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு போனா ஆரோ வகைல எல்போ மாதிரி மடங்குறத எடுங்க, சுத்தமா இருக்கும்.

அடுத்தது சேவ், இத அலட்சியமா விடாதீங்க. ஃபைலா சேவ் பண்ணாத வரைக்கும் உங்க படம் ப்ரவுசருக்குள்ளதான் இருக்கு. ப்ரவுசர் டேட்டாவ கிளியர் பண்ணா போச்சு. ஐபோன் சஃபாரில இன்னொண்ணும் இருக்கு, சஃபாரிய யூஸ் பண்ணிக்கிட்டே இருந்து அந்த சைட் பக்கம் மட்டும் 7 நாள் போகலன்னா அது சேர்த்து வச்சத சஃபாரியே அழிச்சிடும், 2020ல இருந்து இப்படித்தான், ஹோம் ஸ்க்ரீன்ல சேர்த்து வச்ச ஆப்புக்கு இது கிடையாது. அதனால முதல் வேலையா ஹோம் ஸ்க்ரீன்ல சேர்த்துடுங்க, ஆனா அத மட்டும் நம்பாம ஒவ்வொரு படத்தையும் ஃபைலா இறக்கி வைங்க, ஏன்னா இன்னொரு ஃபைல திறந்தா இப்ப கேன்வாஸ்ல இருக்கிறது போயிடும்.

யாருக்காவது அனுப்பணும்னா பிஎன்ஜி (எழுத்தும் படமாவே பதிஞ்சிருக்கிற ஃபைல்) எடுங்க, எஸ்விஜி (எழுத்த எழுத்தாவே வச்சிருக்கிற ஃபைல்) வேண்டாம். இந்த ஆப்போட கையெழுத்து ஃபான்ட்ல தமிழ் எழுத்து இல்லாததால உங்க போன்ல இருக்கிற தமிழ் ஃபான்ட்தான் தெரியுது, எஸ்விஜிய வேற போன்ல திறந்தா அங்க இருக்கிற ஃபான்ட் வந்து எழுத்து பாக்ஸ விட்டு வெளிய போக வாய்ப்பு இருக்கு. எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஸ்கேல் 2 அல்லது 3 வைங்க, பின்னணிய ஆன்லயே விடுங்க, இல்லன்னா டார்க் மோட் வச்சிருக்கவங்களுக்கு கருப்பு மேல கருப்பா தெரியும். எம்பெட் சீன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணா அந்த பிஎன்ஜியையே திரும்ப ஆப்ல திறந்து எடிட் பண்ணலாம், ஆனா வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது படத்த அமுக்கி உள்ள இருக்கிறத எடுத்துடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.