காட்டுயிர்ப் பேச்சு, கண்காட்சி நடத்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆடி முடிந்ததும் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கல்லூரி இயற்கைக் கழகம், குடியிருப்போர் சங்கம், வாசகர் வட்டம் என்று பல தரப்பிலிருந்தும் கேட்பார்கள். “மாசம் ரெண்டு பேச்சு, நடுவுல ஒரு போட்டோ கண்காட்சி. காட்டுயிர், கடல், ஆய்வுப் பயணம் எல்லாம் கலந்து. பேச்சாளர் யாராவது சொல்லுங்க.” சந்தோஷம்தான். சென்னையில் இதையெல்லாம் தமிழில் கேட்க ஆள் வருமா என்று தயங்கிய காலம் போய்விட்டது. ஆனால் அவர்கள் அனுப்பும் நிகழ்ச்சி நிரலைப் பிரித்தால், நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகள் அதே வரிசையில் இருக்கின்றன.

மைக், புரொஜெக்டர், லேப்டாப் சார்ஜர் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. அதை முதல் நிகழ்ச்சியே கற்றுக்கொடுத்துவிடும்.

அக்டோபர் முதல் வாரத்தைக் கட்டிக்கொண்டு அழுவது

அக்டோபர் 2 முதல் 8 வரை வனவுயிர் வாரம். எல்லோரும் அந்த ஏழு நாளில்தான் எல்லாவற்றையும் திணிப்பார்கள். நல்ல பேச்சாளர்கள் அத்தனை பேரும் வனத்துறை விழாக்களிலும் பள்ளிகளிலும் மாட்டிக்கொண்டிருப்பார்கள். காலாண்டு விடுமுறை முடிந்தும் முடியாத நேரம் என்பதால் பிள்ளைகளும் ஊரிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். “சரி, ரெண்டு வாரம் தள்ளி வைப்போம்” என்றால் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். மழைக்குப் பயந்து டிசம்பருக்குத் தள்ளினால் சபாக்காரர்கள் மண்டபங்களை எப்போதோ பிடித்திருப்பார்கள். மார்கழியில் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அரங்கம் தேடி அலைவது வீண் வேலை. பள்ளிக்கூட ஹால், நூலக மாடி என்று பாருங்கள்.

தேதியைக் காலண்டரிலிருந்து எடுப்பதைவிட உயிரினத்திடமிருந்து எடுப்பது நல்லது. வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பறவைப் பேச்சை வையுங்கள். கேட்டவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்துவிடலாம். பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015லிருந்து. அதற்கு முந்தைய வாரம் ஒரு பேச்சு வைத்தால் பாதிப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு ஏரிக்குப் போவார்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) சென்னைக் கரையில் முட்டையிட ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆமைப் பேச்சை அக்டோபரில் வைத்தால் மணலில் காட்ட ஒன்றும் இருக்காது. பிப்ரவரி வெள்ளிக்கிழமை மாலை வைத்தால், பேச்சை முடித்துக்கொண்டு ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கும் ஆமை நடைக்குப் பார்வையாளர்களை அப்படியே அனுப்பிவிடலாம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியபோது, அந்த மாதம் ஆமை பற்றிப் பேச்சு வைத்திருந்தவர்களிடம் சொல்வதற்கு விஷயமும் இருந்தது, கேட்பதற்குக் கூட்டமும் இருந்தது.

குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை

ஆறு மணிக்குப் பேச்சு என்று அழைப்பிதழ். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, ஆறு பேருக்குப் பொன்னாடை, இரண்டு பேர் வாழ்த்துரை. பேச்சாளர் கையில் மைக் வரும்போது ஏழு ஐந்து. முன்வரிசைப் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், பின்வரிசை பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கும். வாழ்த்த வந்தவர் பேச்சாளரின் தலைப்பையே எடுத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த புலிக் கதை ஒன்றையும் சொல்லி முடித்திருப்பார்.

தவிர்க்கவே முடியாது என்றால் எல்லாவற்றையும் பேச்சுக்குப் பின்னால் வையுங்கள். பொன்னாடைக்காக யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை, காத்திருப்பார்கள்.

உயிருள்ள பாம்பு

கூடாது. 2022ல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் நல்ல பாம்பு மட்டுமல்ல, சாரையும் உச்சப் பாதுகாப்புக்கான முதல் அட்டவணையில் இருக்கிறது.

படத்துக்குக் கீழே இடத்தை எழுதி ஒட்டுவது

மற்றதெல்லாம் ஒரு மாலை வீணாவதோடு போய்விடும். இது அப்படியில்லை. இத்தனை சொல்லியும் திரும்பத் திரும்ப நடப்பதால் இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

வடமாவட்ட நகரம் ஒன்றில் ஒரு கண்காட்சி. நடத்தியவர்கள் துடிப்பான இளைஞர்கள், படங்களும் அருமை. நடுச்சுவரில் பெரிய படம்: கைவிட்ட கல்குவாரியின் விளிம்பில் கொம்பன் ஆந்தை, ஆரஞ்சுக் கண்ணை விரித்துக்கொண்டு. அதன் காலடியில் வெள்ளைத் தூவியோடு இரண்டு குஞ்சுகள். கீழே விவரச்சீட்டு. பறவையின் பெயர் ஒரு வரிதான். அடுத்த இரண்டு வரியில் ஊர்ப் பெயர், எந்தக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குவாரி, எடுத்த தேதி. தேதியைப் பார்த்தால் அதற்கு முந்தைய வாரம்! போதாக்குறைக்கு மூலையில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அசல் படம் இறங்கியது. அதன் விவரப் பகுதியைத் திறந்தால் கேமரா பதிந்துவைத்த அட்சரேகையும் தீர்க்கரேகையும்.

பொறுப்பாளரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். “லொக்கேஷன் போட்டாதானே சார் அது ஆவணம்?” என்றார். மறுநாள் மதியம் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். அதற்குள் அந்தச் சீட்டோடு சேர்த்துப் படத்தைப் பிடித்தவர்கள் எத்தனை பேரோ.

அடுத்த சனிக்கிழமை குவாரி ஓரத்தில் கார்கள். ஒருவர் போனில் ஆந்தைக் குரலை ஓடவிட்டிருக்கிறார். படத்துக்குக் குறுக்கே வருகிறது என்று விளிம்பில் இருந்த முள்செடியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். அந்தச் செடிதான் குஞ்சுகளுக்கு மதிய நிழல்.

கொம்பன் ஆந்தை கூடு கட்டாது. பாறைத் திட்டிலோ மண் சரிவிலோ லேசாகக் கீறிய பள்ளத்தில் முட்டையிட்டு ஒரு மாதத்துக்கு மேல் அடைகாக்கும். குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு முன்பே பள்ளத்தை விட்டு நடந்து இறங்கித் தரையில் பதுங்கும். பகலில் தாய் எழும்பிப் பறந்தால் போதும், காகங்கள் சூழ்ந்துகொள்ளும். அது விரட்டுப்பட்டு எங்கோ உட்கார்ந்திருக்க, இங்கே குஞ்சுகள் வெயிலில் காயும், இல்லையென்றால் நாயோ கீரியோ தூக்கிக்கொண்டு போகும். சில வாரம் கழித்துப் போன உள்ளூர் நண்பர், விளிம்பு காலியாக இருக்கிறது என்றார். விலங்கு எடுத்ததா, ஆள் எடுத்தாரா, சொல்ல முடியாது. ஆள் எடுத்தார் என்பது வீண் சந்தேகமும் அல்ல. தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் வழக்கம் இந்தியாவில் பல இடங்களில் உண்டு. அடுத்த பருவத்திலும் அந்த ஜோடி அங்கே தென்படவில்லை.

நட்சத்திர ஆமை, தேவாங்கு, அரிய சிலந்திகள், ஆர்க்கிட் செடிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நட்சத்திர ஆமையை 2019ல் சர்வதேச வணிகத் தடையின் உச்சப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படியும் பெட்டியில் அடுக்கிக் கடத்துவது ஓயவில்லை. லாவோஸில் ஒரு நியூட்டை, அதாவது ஓடையில் வாழும் வால் உள்ள நீர்நில உயிரி ஒன்றை, 2002ல் புதிய இனமாக அறிவித்தார்கள். வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்காகப் பிடிப்பவர்கள் அந்த ஆய்வுக் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆய்விதழுக்கே இந்தக் கதி என்றால், மண்டபச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டினால் என்ன ஆகும்?

சரி, என்ன செய்யலாம்? விவரச்சீட்டில் மாவட்டத்தோடு நிறுத்துங்கள். தேவாங்குக்கும் ஆந்தைக்கும் அதுகூட வேண்டாம், ‘தமிழ்நாடு’ போதும். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்டு இணையதளம் ஆபத்திலுள்ள சில இனங்களின் பதிவை 20 கிலோமீட்டர் சதுரக் கட்டத்துக்குள் மங்கலாக்கிவிடுகிறது. எல்லா உயிரினங்களையும் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் அந்த ஏற்பாடு உண்டு. அங்கே தானாக நடப்பதைக் கண்காட்சியில் நீங்கள் கையால் செய்ய வேண்டும். இணையத்தில் ஏற்றுகிற ஒவ்வொரு படத்திலும் இடக்குறிப்பை நீக்குங்கள். “வாட்ஸ்ஆப்பில்தானே அனுப்பினேன்” என்பார்கள். படமாக அனுப்பினால் குறிப்பு போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வரும். அச்சுக்காகப் படம் கேட்கும்போது எல்லோரும் டாக்குமெண்டாகத்தான் அனுப்புகிறார்கள்.

அப்புறம் பின்னணி. குன்றின் வடிவம், செல்போன் டவர், கோயில் கோபுரம் தெரிந்தால் உள்ளூர்க்காரர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் இடத்தைச் சொல்லிவிடுவார். பேச்சாளரின் ஸ்லைடையும் முதல் நாளே வாங்கிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஆர்வத்தில் கூகுள் மேப்பை ஒரு ஸ்லைடாக வைத்திருப்பார்கள். கூட்டில் இருக்கும் பறவைப் படம் எதையும் நான் இப்போது சுவரில் ஏற்றுவதில்லை. எடுத்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

இதையே தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. வேடந்தாங்கலுக்கு எப்படிப் போவது என்று கேட்டால்கூட ரகசியம் மாதிரி விழிப்பார்கள். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கோடியக்கரை எல்லாம் ஊரறிந்த இடங்கள். அங்கே பஸ் நம்பரோடு சொல்லுங்கள். ஆள் போனால்தான் அந்த இடங்களுக்குப் பேச ஆள் கிடைக்கும்.

ஆய்வுப் பயணம் என்றால் தொப்பி போட்ட துரை மட்டும்தானா

ஆய்வுப் பயணம் என்ற தலைப்பு வந்தாலே துருவம், எவரெஸ்ட், ஆப்பிரிக்கா. சென்னையில் இருந்துகொண்டு அங்கே தாவ வேண்டியதில்லை. இந்தியாவை அளந்த மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது பரங்கிமலை அடிவாரத்தில். 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்ப்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்க ஆரம்பித்தார். சித்திரை வெயிலில் அந்தச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்தவர்கள் யார் என்று ஒரு ஸ்லைடு வைத்தாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். 1808ல் அவருடைய அரை டன் தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கிய கதையைக் கேட்டால் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். இன்னொரு பக்கம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்கான மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பது பள்ளிக்கரணையில். கடலாழத்துக்கு ஒரு மாலை, சதுப்புநிலத்துக்கு ஒரு காலை என்று ஒரே வார இறுதியில் முடிக்கலாம்.

பாம்பு பிடிப்பதில் பேர்போன பழங்குடியினரான இருளர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்தி உட்காரவைத்துவிட்டு, அவர்களைப் பற்றி வேறொருவரைப் பேசவைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978லிருந்து இயங்குகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல் ஃபுளோரிடா சதுப்பில் மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள், 2023ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இதைவிடப் பெரிய ஆய்வுப் பயணக் கதை யாரிடம் இருக்கிறது? இப்படிப்பட்டவர்களை மேடைப் பேச்சுக்குத் தள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, தடம் பதிந்த மண்ணின் படம் ஒன்றைத் திரையில் போட்டு, “இங்க என்ன தெரியுதுண்ணே?” என்று கேளுங்கள். எந்தப் பக்கம் போயிருக்கிறது, எப்போது போயிருக்கிறது, வளைக்குள் இருக்கிறதா என்று அவர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேச்சாளருக்குத் தரும் அதே தொகையை அவர்களுக்கும் கொடுங்கள்.

கண்ணாடிச் சட்டம்

வேண்டாம். படத்துக்குப் பதில் கண்ணாடியில் டியூப்லைட்தான் தெரியும். சன்போர்டு என்ற நுரைப்பலகையில் ஒட்டி, பளபளக்காத மேட் லேமினேஷன் போட்டால் போதும். பிள்ளைகள் வருவார்கள் என்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும்.

ஸ்பான்சர்

ஏரியில் பிளாட் போட்டவரிடம் ஏரிப் பறவைக் கண்காட்சிக்குப் பணம் வாங்காதீர்கள்.

கேள்வி நேரத்தைச் சும்மா விட்டுவிடுவது

கேள்வி என்று எழுந்து பத்து நிமிடம் தன் அனுபவத்தைச் சொல்பவர் எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினால் அவர் அடங்கிவிடுவார், கூச்சப்படுகிற பிள்ளைகளின் கேள்வியும் மேலே வரும். முதல் ஐந்து சீட்டு பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

தலைப்பு யானையோ ஆழ்கடலோ எதுவாக இருந்தாலும், கடைசியில் ஒரு சீட்டு பாம்புக்கடி பற்றி வந்தே தீரும். பேச்சாளர் கடல் ஆராய்ச்சியாளர் என்றால் தடுமாறி ஏதாவது சொல்லிவைப்பார். அதற்கு இடம் கொடுக்காமல் வாசலில் ஒரு தாளை நீங்களே அச்சடித்து வையுங்கள்: கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்று, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வை, பாம்பைத் துரத்திக்கொண்டு போகாதே, 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போ. அடியில், நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பெயரையும் போன் நம்பரையும் போடுங்கள். முதல் நாளே அந்த நம்பருக்கு ஒருமுறை அடித்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.