சாலைச் சந்திப்புப் பாதுகாப்புப் பணிகள்: உள்ளாட்சி ஒப்பந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் வந்து சேரும் தெருக்கள் நகராட்சியுடையவை. மின்கம்பத்துக்கு ஒரு நிறுவனம் பொறுப்பு, சிக்னலை இயக்குவது போக்குவரத்துக் காவல்துறை. சந்திப்பைப் பாதுகாப்பாக மாற்ற வேண்டுமென்றால் இத்தனை பேரும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் கட்டுமானச் செலவை யார் எவ்வளவு தருவது என்பது மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும். மற்றதெல்லாம் நாலு வரியில் முடிந்துவிடும். வேலை சில மாதங்களில் முடிகிறது. சந்திப்போ அதன்பின் 15, 20 ஆண்டுகள் இயங்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன.

"பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பு" என்ற ஒற்றை வரி

இதைவிட அதிகம் சேதம் செய்யும் வரி வேறு இல்லை. சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்பங்கள், நிலத்தடிக் கேபிள், தெருவிளக்கு, நடைக்கடவைக் கோடு, பலகைகள், நடுத்திட்டு, மழைநீர் வடிகால் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, உரிமை யாருக்கு, அன்றாடப் பழுது யார் பார்ப்பது, ஆயுள் முடிந்தால் மாற்றுவது யார் செலவு, மின் கட்டணம் யார் பெயரில் என்று ஓர் அட்டவணையாக இணைக்க வேண்டும்.

வாகனங்களை உணர தார்ப்பரப்பில் பதிக்கும் லூப் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் வெட்டிய காடியில் அது கிடக்கும். இரண்டு ஆண்டு கழித்துத் தெருவுக்குப் புதுத் தார் போடப் பழைய பரப்பை 4 சென்டிமீட்டர் மில்லிங் செய்தால் (இயந்திரத்தால் சுரண்டி எடுத்தால்) கம்பி அறுந்துபோக வாய்ப்பு அதிகம். லூப் செத்ததும், பாதுகாப்புக்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் தெருவில் எப்போதும் வண்டி நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும்படி பொதுவாக அமைத்திருப்பார்கள். காலித் தெருவுக்குச் சுற்றுக்குச் சுற்று பச்சை விழும். பெரிய சாலையில் காத்திருப்பவர் பொறுமையிழந்து சிவப்பைத் தாண்டத் தொடங்குவார். தார் போட்டவரும் சிக்னலைப் பராமரிப்பவரும் வெவ்வேறு அலுவலகம். யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். "சந்திப்பின் நிறுத்தக் கோட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் சாலையைத் தோண்டுவதானால் 30 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சேதமானால் தோண்டியவரே சரிசெய்ய வேண்டும்" என்ற ஒரு விதி போதும், இது நடக்காது. பொறுப்பின் எல்லையை வரைபடத்தில் கோடாகவே காட்டிவிடுவதும் நல்லது. "சந்திப்புப் பகுதி" என்று சொல்லில் மட்டும் விட்டால் ஆளுக்கோர் அர்த்தம் கொள்வார்கள்.

நோய் தெரியாமல் மருந்தை எழுதிவிடுவது

"சிக்னல் அமைத்தல்" என்று தலைப்பிலேயே முடிவு செய்துவிட்ட ஒப்பந்தங்கள் உண்டு. சிக்னல் வந்தால் குறுக்காக மோதும் விபத்துகள் பொதுவாகக் குறையும். பின்னாலிருந்து இடிப்பவை கூடவும் செய்யலாம். நான்கு முனைச் சந்திப்பில் வாகனப் பாதைகள் வெட்டியும் சேர்ந்தும் பிரிந்தும் செல்லும் புள்ளிகள் 32. ஒரே வரிசையில் வண்டிகள் சுற்றும் ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8தான். எது பொருந்தும் என்பதைக் குறைந்தது 3 ஆண்டு, முடிந்தால் 5 ஆண்டு விபத்துப் பதிவுகளை வைத்து, எந்தத் திசை வண்டி எதில் எங்கே மோதியது என்று மோதல் வரைபடம் போட்ட பிறகே சொல்ல முடியும். ஒப்பந்தத்தில் தீர்க்க வேண்டிய விபத்து வகையை எழுதுங்கள். வடிவமைப்பை இணைப்பாகச் சேருங்கள், பாதுகாப்புத் தணிக்கையில் குறை வந்தால் அதை மாற்ற வழி இருக்கும்படி.

பணம்

70:30 என்று விகிதம் மட்டும் எழுதினால், டெண்டர் தொகை மதிப்பீட்டைத் தாண்டும் நாளில் தகராறுதான். உச்சவரம்பு எவ்வளவு, அதற்கு மேல் போனால் வேலையைக் குறைப்பதா, பங்கைக் கூட்டுவதா, கூடுதல் வேலைக்கு ஒப்புதல் தருவது யார், எத்தனை நாளில் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். குழாய், கேபிள், கம்பம் இடமாற்றச் செலவைத் தனி வரியாகக் காட்டுங்கள். தாமதத்துக்கு முதல் காரணம் பெரும்பாலும் அதுதான்; ஆங்காங்கே சோதனைக் குழி தோண்டிப் பார்க்காமல் போட்ட மதிப்பீட்டை நம்பவே கூடாது.

மன்றத் தீர்மானம், கையெழுத்து, பணி ஆணை என்ற வரிசையும் மாறக்கூடாது. ஒப்பந்தத் தேதிக்கு முன் செய்த செலவைப் பல நிதித் திட்டங்கள் திருப்பித் தருவதில்லை. நிலம் கைக்கு வராமல் பணி ஆணை கொடுத்தால், காத்திருப்புக்கான இழப்பீட்டைக் காண்ட்ராக்டர் கேட்பார்.

சிக்னல் நேரத்தை மாற்றும் அதிகாரம்

இதை எழுதாமல் விடுவது உயிரோடு விளையாடுவது. 24 மீட்டர் அகலச் சந்திப்பை 6 மீட்டர் நீள வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாகக் கடக்க 3 வினாடி ஆகும். எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் "முழுச்சிவப்பு" இடைவேளை அதற்காகத்தான். நெரிசல் என்று யாரோ அதை 1 வினாடியாகக் குறைத்தால், கடைசியாக நுழைந்த வண்டி நடுவில் இருக்கும்போதே அடுத்த பக்கம் பச்சை விழும். நடப்பவர்களுக்கும் இதே கணக்கு: 14 மீட்டர் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 12 வினாடியில் தாண்டிவிடுவார், 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கு 17.5 வினாடி வேண்டும். பள்ளியோ மருத்துவமனையோ அருகில் இருந்தால் மெதுவான நடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மஞ்சள், முழுச்சிவப்பு, நடப்போர் நேரம் ஆகிய மூன்றையும் பொறியாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் யாரும் குறைக்கக்கூடாது என்று விதி வையுங்கள்.

சிறிதாகத் தெரிபவை

வண்டிகள் மெதுவாகத் திரும்புவதற்காக நடைபாதை முனையை நீட்டினால் ஓரத்து நீரோட்டம் அடைபடும். தண்ணீர் கடவையை எட்டும் முன்பே வாங்கிக்கொள்ளும்படி வடிகால் வாய் அமைய வேண்டும். அதைத் தூர்வாருவது யார் என்பதும் அட்டவணையில் இருக்க வேண்டும். ஓட்டுநர் குறுக்கே வரும் வண்டியைப் பார்க்கத் தேவையான பார்வைப் பரப்புக்குள் விளம்பரப் பலகை, கடை, புதர் எதற்கும் அனுமதியில்லை என்பதை நகராட்சி எழுத்தில் ஏற்கட்டும். பலகைக்கு உரிமம் கொடுக்கும் பிரிவுக்கும் அதன் நகல் போக வேண்டும்.

ஒப்படைப்பும் அதன் பிறகும்

பொறுப்பு எந்த நாளில் கைமாறுகிறது? பணி முடிந்த அன்றா, குறை தெரிந்தால் காண்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகா? இடைப்பட்ட மாதங்களில் விளக்கு எரியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது? தேதியும் தொலைபேசி எண்ணும் உண்மையில் கட்டியது எப்படியோ அப்படியே காட்டும் வரைபடங்களும் இல்லாமல் ஒப்படைப்பை ஏற்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன்பே, சந்திப்புக்கு வந்து சேரும் ஒவ்வொரு சாலையிலும் வண்டிகளின் வேகத்தை அளந்து வையுங்கள். பிறகு ஒப்பிட வேறு வழியில்லை. முதல் ஆண்டு விபத்து குறைந்ததை மட்டும் வைத்து வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. மோசமான ஓராண்டைப் பார்த்துத் தேர்ந்த இடத்தில் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை இறங்குவது வழக்கம். 3 ஆண்டாவது பாருங்கள். திறந்த சில மாதங்களில், இரவிலும் மழையிலும், எல்லாத் தரப்பும் சேர்ந்து ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். அப்போது தெரியும் குறைகளைத் திருத்த ஒரு தொகையை முன்பே ஒதுக்கி வையுங்கள்; காண்ட்ராக்டரின் இறுதி பில் பாஸ் ஆகிக் கணக்கு மூடப்பட்டுவிட்டால் ஒரு பலகையை இடம் மாற்றக்கூடப் புதிதாக நிதி கேட்க வேண்டிவரும்.